கொய்ங்... என்று அழும் கார்!

உடையார்பாளையம் பக்கம் சாலையில் சுண்ணாம்புக்கல் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டவர்களுக்குத்தான் கார் பாட்டின் அருமை தெரியும். ஓவர்டேக் பண்ண வழியில்லை, ஜன்னலைத் திறந்தால் புழுதி. பாட்டு ஒன்றுதான் துணை. அந்த நேரம் பார்த்து ஸ்பீக்கர் மூக்கைச் சிந்தினால்?

என் சிநேகிதர் ஒருவர், வங்கி ஊழியர், செகண்ட் ஹாண்ட் கார் வாங்கினார். ஆக்சிலேட்டரை மிதித்தால் பாட்டோடு 'கொய்ங்...' என்று ஒரு ஓலம். வேகம் கூடக் கூட ஓலமும் மேல் ஸ்தாயி! கடைக்காரர் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "ஆம்ப் போயிடுச்சு சார், புதுசு மாட்டிரலாம்" என்றார்.

எங்கள் ஊர் பயறணீஸ்வரர் கோயில் கதை தெரியுமோ? வரிக்குப் பயந்து மிளகைப் பயறு என்று சொன்னாராம் ஒரு வியாபாரி. இது தலைகீழ். பயறை மிளகு விலைக்கு விற்கும் வேலை!

நான் பி.காம். எனக்குத் தெரிந்த ஒரே தத்துவம், டெபிட் இருந்தால் கிரெடிட் இருக்கணும். காரிலும் அதேதான். பாட்டரியிலிருந்து ஒயர் வழியாகப் போகும் கரண்ட், காரின் இரும்பு உடம்பு வழியாகத் திரும்பி வரணும். அதுதான் எர்த். எர்த் போல்ட்டுக்கு அடியில் பெயிண்டோ துருவோ இருந்தால் கணக்கு டேலி ஆகாது. ஆல்டர்னேட்டரின் இரைச்சல் உள்ளே நுழைந்துவிடும். இன்ஜின் வேகத்தோடு ஓலம் ஏறி இறங்கினால் முதல் சந்தேகம் இதன் மேல்தான்.

போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, செட்டின் எர்த்தையும் ஆம்ப்பின் எர்த்தையும் ஒரே இடத்தில் முடுக்கினோம். ஓலம் போயே போச்சு. செலவு, ஒரு உப்புத்தாள்!

அதற்கும் அடங்காவிட்டால் பாட்டு போகும் ஒயரையும் பாட்டரி ஒயரையும் காரின் இரண்டு பக்கமாகப் பிரித்து விடுங்கள். போன் சார்ஜரையும் பிடுங்கிப் பாருங்கள். மலிவு சார்ஜர் பண்ணும் ரகளை கொஞ்சநஞ்சமல்ல. 1930-ல் அமெரிக்காவில் கால்வின் கம்பெனி 'மோட்டோரோலா' கார் ரேடியோ விற்ற காலத்திலேயே இன்ஜின் இரைச்சல்தான் பெரிய தலைவலி.

செட் அடியோடு செத்துவிட்டதா? முதலில் பியூஸ். செட்டின் முதுகிலேயே பெரும்பாலும் 10 அல்லது 15 ஆம்பியரில் ஒன்று இருக்கும். பியூஸுக்குப் பதில் சிகரெட் பெட்டி வெள்ளித்தாளைச் சுற்றும் மேதாவிகள் உண்டு. பியூஸ் எரியாது சார், ஒயர் எரியும். ஒயரோடு காரும்!

சாவியை எடுத்ததும் கடிகாரமும் ஸ்டேஷனும் மறந்துபோகிறதா? வெளியில் வாங்கி மாட்டிய செட்டில் மஞ்சள் ஒயர் எப்போதும் கரண்ட் உள்ளது, சிவப்பு சாவி போட்டால் வருவது. மாற்றிக் கொடுத்திருப்பார்கள். இரண்டையுமே நேரடி கரண்டில் கொடுத்திருந்தால் காலையில் பாட்டரி டவுன், ஆபீசுக்கு லேட்!

ஒரு பக்க ஸ்பீக்கர் மௌனமா? பேலன்ஸை யாராவது (வீட்டுக் குட்டிப்பயல்?) திருகியிருக்கிறார்களா பாருங்கள். இல்லையென்றால் ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றி, ஒன்றரை வோல்ட் பென்சில் செல்லை ஒரு விநாடி தொடுங்கள். 'டப்' என்றால் ஸ்பீக்கருக்கு உயிர் இருக்கிறது. குற்றவாளி ஒயர் அல்லது செட். எல்லாம் பாடியும் 'தும் தும்' மட்டும் இல்லையென்றால் ஒன்றில் பிளஸ், மைனஸ் மாறியிருக்கும்.

திருச்சி எஃப்.எம். 102.1 இங்கே கரகரத்தால் செட்டைத் திட்டாதீர்கள். திருச்சி 80 கிலோமீட்டருக்கு மேல். ஆண்டெனா பிளக்கை அழுத்திவிட்டு, மீதியை மன்னித்துவிடுங்கள்.

எதைத் தொடும் முன்பும் பாட்டரியின் மைனஸைக் கழற்றிவிடணும். ஏர்பேக் உள்ள கார் என்றால் அதன் மஞ்சள் பிளக் பக்கம் கையே வேண்டாம். போட்ட பியூஸ் உடனே போனாலோ, கருகல் வாசனை வந்தாலோ மெக்கானிக்தான் சரி. ஆனால் ஆம்ப்பை மாற்றச் சொன்னால், "எர்த்தைப் பார்த்தீங்களாண்ணே?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். மாற்றியே ஆகணும் என்றால் பழையதைக் கையோடு வாங்கி வந்துவிடுங்கள்!