சைக்கிளிலே கந்தோருக்கு

காலை ஏழரை மணியளவில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து யாழ்ப்பாணம் நோக்கிச் செல்லும் சைக்கிள்களைக் கண்டவர்களுக்கு, எம்மவர் இவ்வாகனத்தின்மீது கொண்ட பற்று நன்கு விளங்கும். 1990களில், பொருளாதாரத் தடையினால் பெற்றோல் கண்ணிற் படாதிருந்த காலத்திலே குடாநாட்டைச் சுமந்தது சைக்கிள்தான். அதன் சக்கரத்தைக் கையாற் சுழற்றி, டைனமோ தந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்ட இரவுகளை யார் மறப்பர்? 2022இல் எரிபொருளுக்கு நாட்கணக்காக வரிசைகள் நீண்டபோது கொழும்பு உத்தியோகத்தர் பலரும் சைக்கிளில் ஏறினர். ஆயினும் அன்றைய தெரு வேறு, இன்றைய தெரு வேறு. கண்டி வீதி இன்று வழுவழுப்பாக இருக்கின்றது. அதனாலேயே வண்டிகள் பறக்கின்றன.

இருபது ஆண்டுகளுக்கு மேலாக இவ்வீதியில் மிதித்துக் கந்தோர் சென்றுவந்த எமக்கு ஒன்று தெரியும். 'நான் அவனைக் காண்கிறேன், ஆகவே அவனும் என்னைக் காண்கிறான்' என்ற நம்பிக்கையைப் போலச் சைக்கிள்காரனுக்குக் கேடு செய்வது பிறிதில்லை.

வெயிலையே எடுத்துக்கொள்வோம். காலையில் மேற்கு நோக்கிப் பட்டினத்துக்குப் போகின்றோம், வெயில் முதுகிலே. மாலையில் கிழக்கு நோக்கித் திரும்புகின்றோம். அப்போதும் வெயில் முதுகிலேதான். எமக்கு வீதி துலக்கமாகத் தெரிகின்றது. எதிரே வரும் பஸ் சாரதியின் கண்ணிலோ சூரியன் நேரே குத்துகின்றது. முன்செல்லும் லொறியை முந்துவதற்கு அவர் எமது பக்கம் வருவாராயின், எம்மைக் காணாமலே வருவார். எமது நிழல் எமக்கு முன்னே நீண்டு கிடக்கும் வேளையெல்லாம் இதனை நினைவிற் கொண்டு, மண்கரையில் இறங்க ஆயத்தமாக இருத்தல் வேண்டும்.

மாலைக் கருக்கல் இன்னும் பொல்லாதது. 2011ஆம் ஆண்டு மாரியில் ஒரு நாள், வலப்புற ஒழுங்கைக்குத் திரும்புவதற்காக நடுவீதியிலே காலூன்றி நின்றோம். முறைப்படி கையும் காட்டினோம். பின்னால் வந்த வான் ஒன்று கரியரில் இடித்துத் தள்ளியது. மூன்று கிழமை காலிலே கட்டு. சாரதியை ஏசியவாறு படுத்திருந்த எமக்கு, எட்டாம் வகுப்பில் படித்த மகள்தான் உண்மையைச் சொன்னாள்: "அப்பா, நீங்கள் நிண்டா லைற்றும் நூந்துபோமெல்லே?"

ஆம், சக்கரம் சுழலும்வரைதான் டைனமோ ஒளி தரும். ஒளி மிகவும் வேண்டிய இடத்தில், நாம் இருளோடு இருளாக நின்றிருக்கின்றோம். அந்த ஏச்சில் பாதி எமக்கே உரியது!

அதன் பின்னர், நின்றாலும் எரியும் பற்றரி விளக்கொன்றைப் பின்னே பூட்டினோம். மட்காட்டிலுள்ள சிவப்புக் கண்ணாடியைச் சேறு மூடவிடாது துடைக்கின்றோம். வெள்ளைச் சட்டை நல்லதே. ஆனால் அதன்மேற் கறுப்பு மழையங்கியைப் போர்த்தால் பயன் போயிற்று. வாகனங்கள் மிகுந்த நேரத்தில் நடுவீதியில் நிற்பதையும் விட்டுவிட்டோம். இடது கரையில் இறங்கி, இருபுறமும் வெளித்தபின் சைக்கிளை உருட்டிக் கடக்கின்றோம். உத்தியோகத்தருக்கு இது கௌரவக் குறைவென்று ஒரு நண்பர் சொன்னார். காலிலே கட்டோடு கிடப்பதில் என்ன கௌரவமோ, நாமறியோம்.

பட்டினத்துச் சந்திகளில் லொறியின் இடப்பக்கத்தில் ஒட்டி நிற்றல் ஆகாது. வலப்புறத்தில் உயர்ந்த ஆசனத்தில் இருக்கும் சாரதிக்கு அம்மூலை மறைவு. லொறி இடப்புறம் திரும்புகையில் பின்சக்கரங்கள் கரையை நெருக்கும். பின்னாலேயே நிற்கலாம். தரித்து நிற்கும் காரைக் கடக்கும்போது ஒரு கதவின் அகலம் விட்டுச் செல்க. கார் வைத்திருப்போருக்கும் ஒரு வேண்டுகோள்: வலப்பக்கக் கதவை இடக்கையாலே திறவுங்கள். உடல் தானாகத் திரும்பும். பின்னே வருபவன் தெரிவான். ஒல்லாந்து நாட்டில் இப்பழக்கம் உண்டு.

மழையில் நனைந்த இரும்பு றிம்மைப் பிறேக் கட்டை எளிதிற் பற்றாது. முன்கூட்டியே இலேசாகப் பிடித்து நீரை வழித்துவிட்ட பின்பே இறுக்கிப் பிடித்தல் வேண்டும்.

அந்த மகள் இப்பொழுது உத்தியோகம் பார்க்கின்றாள். எமது சைக்கிளையும் அவளே எடுத்துக்கொண்டாள். விடியுமுன் வேலைக்குப் புறப்படும் நாட்களில், படலையடியில் நின்று பின்விளக்கு எரிகின்றதா என்று பார்த்த பிறகே நாம் தேநீர் குடிக்கப் போகின்றோம்.