லாரிக் கயிற்றின் ரகசியம்



தூத்துக்குடியில் இருந்து திருச்செந்தூருக்குப் பேருந்தில் போயிருக்கிறீர்களா? முள்ளக்காடு, பழையகாயல் பக்கம் வரும்போது ஜன்னல் வழியே பாருங்கள். வெள்ளை வெளேரென்று பாத்தி பாத்தியாக உப்பளங்கள் தெரியும். அங்கிருந்து உப்பு ஏற்றிய லாரி ஒன்று நம் பேருந்துக்கு முன்னால் ஆடி அசைந்து போய்க்கொண்டிருக்கும். மேலே தார்ப்பாய். அதன் மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு. நம் ஓட்டுநர் ஹாரன் அடித்துக்கொண்டே இருப்பார். நாமும் 'எப்போதுதான் வழி விடுமோ' என்று அலுத்துக்கொள்வோம்.

அந்த லாரியில் 50 கிலோ மூட்டைகள் 200 இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 10 டன்! கயிறோ உங்கள் கட்டைவிரல் பருமன்தான். இவ்வளவு எடையை இந்தக் கயிறு எப்படிப் பிடித்து வைத்திருக்கிறது?

உண்மையைச் சொன்னால், அது பிடித்து வைத்திருக்கவே இல்லை. அது செய்யும் வேலை வேறு. அதைச் சொல்வதற்கு முன்னால் தார்ப்பாயைப் பார்த்துவிடுவோம்.

உப்புக்கு எதற்குப் போர்வை? ஒரு கணக்குப் போடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 360 கிராம் உப்பைக் கரைத்துவிடும். லாரியின் தளம் 6 மீட்டர் நீளம், 2.3 மீட்டர் அகலம் என்றால் பரப்பு ஏறக்குறைய 14 சதுர மீட்டர். அதன் மேல் 1 செ.மீ. மழை பெய்தால் விழும் தண்ணீர் 140 லிட்டர். அந்தத் தண்ணீர் முழுவதும் உப்பில் ஊறி இறங்கினால் எவ்வளவு உப்பு போகும்? பெருக்கிப் பார்த்தவர்களுக்கு விடை கிடைத்திருக்கும். சுமார் 50 கிலோ, அதாவது ஒரு முழு மூட்டை! பத்து நிமிட மழைகூட உப்பு வியாபாரியைக் கலங்க வைப்பது இதனால்தான்.

மழையே வேண்டாம். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினாலே சுத்தமான உப்பு அந்த ஈரத்தை உறிஞ்சிக் கசியத் தொடங்கும். கடல் உப்பில் கொஞ்சம் மக்னீசியம் குளோரைடும் கலந்திருப்பதால் அது இன்னும் சீக்கிரமே நசநசத்துவிடும். கசிந்த உப்புநீர் லாரியின் இரும்பையும் துருப்பிடிக்க வைத்துவிடும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. உப்பளங்கள் மூழ்கின. மலை மலையாகக் குவித்து வைத்திருந்த உப்பு கரைந்து போனது. அவ்வளவு பெரிய வெள்ளத்துக்கு எந்தப் பாயும் தாங்காது. ஆனால் வழக்கமான மழைக்குத் தாங்கும்படி உப்பை மூடுவதற்கு நம் ஊரில் பழைய முறை ஒன்று இருந்தது. பனை ஓலை! உப்புக் குவியலை அம்பாரம் என்பார்கள். அம்பாரத்தின் அடியில் இருந்து ஓலையை அடுக்கத் தொடங்குவார்கள். முதல் வரிசை கீழே, இரண்டாவது வரிசை அதன் மேல் பாதி ஏறி, மூன்றாவது அதற்கும் மேலே. இப்படி உச்சி வரை போகும். மேலே விழும் மழைத்துளி ஓலைக்கு ஓலை தாவி வழிந்து தரைக்குப் போய்விடும். உச்சியில் இருந்து கீழ்நோக்கி அடுக்கினால் என்ன ஆகும்? ஒவ்வொரு இடுக்கும் தண்ணீருக்கு வாசல் திறந்து வைத்ததுபோல் ஆகிவிடும். ஓட்டு வீட்டின் ஓடும் இப்படித்தான் வேயப்படுகிறது. மீனின் செதிலைத் தடவிப் பாருங்கள், அதிலும் இதே அடுக்குதான். இப்போது பல அம்பாரங்களை பிளாஸ்டிக் விரிப்பு மூடியிருக்கிறது. வேலை சுலபம்தான், ஆனாலும் ஓலை வேய்ந்த அம்பாரத்தின் அழகு அதற்கு வராது.

லாரிக்குத் தார்ப்பாய் போடுவதும் இந்த ஓலைக் கணக்குத்தான். நீளமான லாரிக்கு இரண்டு பாய் வேண்டியிருக்கும். எதை முதலில் விரிப்பது? பின்பக்கத்துப் பாயைத்தான். பிறகு முன்பக்கத்துப் பாயை விரித்து, அதன் ஓரம் பின்பாயின் மேல் ஏறும்படி விடுவார்கள். லாரி 60 கி.மீ. வேகத்தில் ஓடும்போது காற்றும் மழையும் முன்னால் இருந்துதானே மோதும்? மேலே ஏறிய ஓரத்தைக் காற்று அழுத்திக்கொண்டே போகும். மாற்றிப் போட்டால் காற்று இடுக்கில் நுழைந்து பாயை பலூன் மாதிரி ஊத வைக்கும். அப்புறம் கிழிய எவ்வளவு நேரம் ஆகும்?

தார்ப்பாய் என்ற சொல்லும் சுவாரசியமானது. அந்தக் காலத்துக் கப்பல்காரர்கள் மழைக்கும் அலைக்கும் நனையாமல் இருக்க கெட்டித் துணியில் தார் பூசினார்கள். ஆங்கிலேயர்கள் அதை 'டார்ப்பாலின்' என்றார்கள். நம் வாயில் அது தார்ப்பாய் ஆகிவிட்டது. தமிழில் பாய் என்றால் படுக்கிற பாய் மட்டுமா? பாய்மரக் கப்பலின் பாயும் பாய்தான்! கடலோரத்துக்காரர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

சரி, இப்போது கயிற்றுக்கு வருவோம். ஒரு நிமிடம் உங்கள் உள்ளங்கையை மேசை மேல் லேசாக வைத்து முன்னால் தள்ளுங்கள். சுலபமாக நகர்கிறதா? இப்போது இன்னொரு கையால் அந்தக் கையை நன்றாக அழுத்திக்கொண்டு தள்ளுங்கள். நகரவே அடம் பிடிக்கிறது அல்லவா? உராய்வு அதிகமாகிவிட்டது. கயிறு செய்வது இதைத்தான். அது மூட்டையை இழுத்துப் பிடிப்பதில்லை, கீழ்நோக்கி அழுத்துகிறது. அழுத்தம் கூடினால் மூட்டைக்கும் மூட்டைக்கும், மூட்டைக்கும் தளத்துக்கும் நடுவே உராய்வு கூடும். சுமையை நகராமல் காப்பது அந்த உராய்வுதான்.

அதனால்தான் கயிறு எந்தக் கோணத்தில் இறங்குகிறது என்பது முக்கியம். செங்குத்தாக இறங்கினால் இழுக்கிற பலம் முழுவதும் அழுத்தமாக மாறும். தளத்தோடு 30 டிகிரி கோணத்தில் படுத்த மாதிரி இறங்கினால் பாதிதான் தேறும். உயரமான சுமையைவிடத் தட்டையான சுமையைக் கட்டுவதுதான் சிரமம் என்று லாரிக்காரர்கள் சொன்னால் நம்புங்கள்!

எவ்வளவு விசையைத் தாங்க வேண்டும்? பேருந்தில் சட்டென்று பிரேக் போட்டால் நாம் முன்னால் சாய்கிறோம். இதற்கு நிலைமம் என்று பெயர். மூட்டைகளுக்கும் நிலைமம் உண்டு. ஐரோப்பிய நாடுகளில் ஒரு விதி இருக்கிறது. சுமையின் எடையில் 10-ல் 8 பங்கு அளவு விசை முன்னால் தள்ளினாலும், பாதி எடையளவு விசை பக்கவாட்டிலோ பின்னாலோ தள்ளினாலும் சுமை அசையக்கூடாது. நம் 10 டன் உப்புக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். முன்னால் 8 டன்! அதனால்தான் ஓட்டுநர் அறைக்குப் பின்னால் உள்ள முன்பலகையை ஒட்டி, இடைவெளி விடாமல் மூட்டையை அடுக்குகிறார்கள்.

அடுக்குவதிலும் சூட்சுமம் உண்டு. கொத்தனார் செங்கல் அடுக்குவது போல ஒரு வரிசை நீளவாக்கில், அடுத்த வரிசை குறுக்குவாக்கில் போகும். ஓரத்து மூட்டைகளின் தைத்த வாய் உள்பக்கம் பார்த்திருக்கும். தையல் பிரிந்தாலும் உப்பு ரோட்டில் கொட்டாது. சணல் சாக்கு ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். பிளாஸ்டிக் சாக்கு வழுக்கும், அதைக் கூடுதல் கவனத்தோடு அடுக்க வேண்டும்.

கயிற்றை அழுத்தமாக இழுக்க மனிதக் கை போதாதே? அதற்குத்தான் ஒரு முடிச்சு இருக்கிறது. கயிற்றை சுமையின் மேல் போட்டு மறுபக்கம் இறக்குவார்கள். தொங்கும் கயிற்றின் நடுவில் ஒரு கண் போல வளையம் போடுவார்கள். மிச்சக் கயிற்றை லாரியின் பக்கப் பலகைக்குக் கீழே உள்ள இரும்புக் கொக்கியில் மாட்டி, மேலே கொண்டுபோய் அந்தக் கண்ணுக்குள் நுழைத்து, மறுபடி கீழ்நோக்கி இழுப்பார்கள். என்ன நடக்கிறது தெரிகிறதா? கண்ணும் கொக்கியும் இரண்டு கப்பிகள் மாதிரி வேலை செய்கின்றன. ஒரு பங்கு இழுத்தால் சுமைக்கு மூன்று பங்கு போகிறது! மூன்று என்பது காகிதக் கணக்கு. கயிறும் கயிறும் உரசுவதில் ஒரு பெரும் பங்கு வீணாகிவிடும். ஆனால் அதே உரசல்தான், இழுத்த கயிறு திரும்ப நழுவாமலும் பிடித்துக்கொள்கிறது.

முடிச்சு என்றதும் எனக்குப் புன்னைக்காயல் நினைவுக்கு வருகிறது. ஆத்தூரில் இருந்து கிழக்கே திரும்பினால், தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிறது அந்த ஊர். 1500-களில் போர்த்துக்கீசியர்கள் தங்கி முத்து வியாபாரம் பார்த்த கரை. முத்துக்குளிப்பவர் கயிற்றில் கட்டிய கல்லோடு கடலுக்குள் இறங்குவார். தோணியில் நிற்பவர் கயிற்றைப் பிடித்திருப்பார். கீழே இருப்பவர் கயிற்றை அசைத்ததும் மேலே இழுக்க வேண்டும். ஓர் உயிர் அந்தக் கயிற்றில்தான்! 1961-க்குப் பிறகு இந்தக் கடலில் முத்துக்குளிப்பு நடக்கவில்லை. ஆனால் கயிற்று ஞானம் போய்விடவில்லை. கட்டுமரம் என்ற பெயரையே பாருங்கள். ஆணி இல்லாமல், மரங்களைக் கயிற்றால் கட்டியே கடலுக்குப் போனவர்கள் நம்மவர்கள். அந்தச் சொல் ஆங்கிலத்தில் 'கேட்டமரான்' ஆனது. தமிழிலும் மலையாளத்திலும் வழங்கும் கயிறு என்ற சொல் 'காயர்' ஆகி ஆங்கில அகராதிக்குள் போனது.

கயிறுகளிலும் குணம் வேறு வேறு. தென்னை நார்க் கயிறு சொரசொரப்பானது, முடிச்சை இறுகப் பிடிக்கும். நைலான் கயிறு பலமானது, ஆனால் இழுத்தால் நீளும், முடிச்சு நழுவும். பருத்திக் கயிறு நனைந்தால் சுருங்கி இறுகும், காய்ந்ததும் தளர்ந்துவிடும். மழையில் கட்டிய கட்டு வெயிலில் தொளதொளப்பது இப்படித்தான்.

மேலே ஏறிக் கட்டுவது பெரும்பாலும் கிளீனர் அண்ணன்தான். இது ஆபத்தான வேலை. பின்னால் சாய்ந்து முழு பலத்தோடு இழுக்கும்போது நைந்த கயிறு அறுந்தால் அவர் தலைகீழாக ரோட்டில் விழுவார். அதனால் கட்டுவதற்கு முன் கயிற்றை விரலால் தடவிக்கொண்டே போய் நைந்த இடம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கூர்மையான விளிம்பு உள்ள இடத்தில் கயிற்றுக்கு அடியில் ஒரு சாக்குத் துண்டை மடித்து வைப்பார்கள்.

கட்டியதோடு வேலை முடியாது. ஓடும் லாரி குலுங்கும்போது மூட்டைகள் கொஞ்சம் கொஞ்சமாக அமர்ந்துவிடும். கயிறு அதே நீளம்தான், சுமை மட்டும் தாழ்ந்துவிட்டது. உடனே கட்டு தளர்ந்துவிடும். டீ குடிக்க நிறுத்தும்போது கிளீனர் கயிற்றைத் தட்டிப் பார்ப்பது இதற்காகத்தான். அமெரிக்காவில் இதைச் சட்டமாகவே வைத்திருக்கிறார்கள். புறப்பட்ட முதல் 50 மைலுக்குள், அதாவது சுமார் 80 கி.மீ.க்குள் சுமையைச் சோதிக்க வேண்டும். செங்கோட்டை தாண்டி மலைப்பாதையில் கேரளாவுக்கு இறங்கும் லாரிக்கு, வளைவுகள் தொடங்கும் முன்பே இந்தச் சோதனை மிகவும் அவசியம். நம் நாட்டிலும் 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, சுமை பக்கவாட்டிலோ முன்னாலோ பின்னாலோ துருத்திக்கொண்டிருந்தால் 20,000 ரூபாய் அபராதம்.

சைக்கிளில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். லாரியில் இருந்து தொங்கும் கயிற்று நுனியைப் பிடித்துக்கொண்டு ஓசியில் போகும் வேடிக்கையை நானே சாலையில் பார்த்திருக்கிறேன். அந்த நுனி சக்கரத்தில் சிக்கினால் சைக்கிளோடு சேர்த்து உங்களையும் இழுத்துவிடும். லாரிக்கு மிக அருகிலும் போகாதீர்கள்.

இப்போது பல லாரிகளில் கயிற்றுக்குப் பதில் பட்டையான நாடா வந்துவிட்டது. ஒரு கைப்பிடியை முன்னும் பின்னும் ஆட்டினால் பல்சக்கரம் அதை இறுக்கும். தூத்துக்குடி துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னருக்குக் கயிறே கிடையாது. நான்கு மூலையிலும் உள்ள பூட்டைத் திருகினால் லாரியோடு ஒட்டிக்கொள்ளும். ஆனால் பெட்டிக்கு உள்ளே இருக்கும் சாமான் உருளாமல் இருக்க, அங்கேயும் யாரோ கட்டித்தான் ஆக வேண்டும்.

செய்து பாருங்கள்!

ஒரு வாளியில் பாதி தண்ணீர் எடுத்து, பருத்திக் கயிற்றின் ஒரு நுனியை அதன் கைப்பிடியில் கட்டுங்கள். வழவழப்பான இரும்புக் குழாய் ஏதாவது படுக்கைவாட்டில் உறுதியாக இருக்கிறதா என்று பாருங்கள். பெரியவர் ஒருவரையும் அருகில் நிற்கச் சொல்லுங்கள். கயிற்றைக் குழாயின் மேல் போட்டு, மறு நுனியைப் பிடித்து வாளியைத் தொங்கவிடுங்கள். கை வலிக்கும். காலை வாளிக்கு அடியில் வைக்காதீர்கள்! இப்போது கயிற்றைக் குழாயில் ஒரு முழுச் சுற்று சுற்றிவிட்டுப் பிடியுங்கள். எவ்வளவு லேசாகிவிட்டது! கொக்கியில் இரண்டு சுற்று சுற்றிவிட்டு முடிச்சுப் போடுவதன் காரணம் இப்போது புரிந்திருக்கும். இன்னொரு சுற்று சுற்றுங்கள். வாளியைப் பிடித்து வைக்க உங்கள் சுண்டுவிரல் போதும்.