ஓட்டு இல்லாத வீட்டுக்குப் போகும் தோழர் யார்?

குற்றாலத்தில் சாரல் விழுந்துவிட்டால், உடல்நலம் நாடி நாலா திசையிலிருந்தும் மக்கள் தென்காசிச் சீமைக்கு வருகிறார்கள். அருவியில் நின்றால் அலுப்புத் தீரும், உடம்பு தேறும் என்று நம்பி வருகிறார்கள். வரட்டும், மகிழ்கிறோம். அதே சீமையில், கடையநல்லூரை அடுத்த போகநல்லூரில், ஈழத்திலிருந்து வந்த நம் உடன்பிறப்புகளின் முகாம் இருக்கிறது. அங்கும், தமிழ்நாடெங்கும் உள்ள அதுபோன்ற நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களிலும் மூப்படைந்து நிற்கும் முதியோரின் நலத்தை நாடுவோர் யார்? இந்தக் கேள்வியைத்தான் இன்று வடகரைத் தோழர்கள் முன்னும், நாட்டிலுள்ள எல்லாக் கிளைத் தோழர்கள் முன்னும் வைக்கிறோம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1983 ஜூலையில் கொழும்பு பற்றி எரிந்தது. தமிழன் கடையும் தமிழன் வீடும் சாம்பலாயின. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு படகேறி வந்தவனுக்கு அன்று முப்பது வயதென்றால், இன்று எழுபதைத் தாண்டிவிட்டான். இடைப்பட்ட ஆண்டுகளில் அவன் சும்மா இருந்தானா? ஏணியில் ஏறி நம் ஊர் வீடுகளுக்கு வண்ணம் பூசினான். சுவர் சுரண்டிய தூசியை மூச்சில் வாங்கினான். பத்தடிக்குப் பத்தடி அறையில் பிள்ளைகளைப் பெற்று வளர்த்துப் படிக்கவும் வைத்தான். இன்று மூட்டு வலிக்கிறது, மூச்சு இரைக்கிறது, கண்ணில் புரை. அவனும் உழைத்து ஓய்ந்த பாட்டாளி. நம் இனம் என்பது ஒரு புறம் இருக்கட்டும்; நம் வர்க்கம் என்பதையாவது மறக்கலாமா?

இது முதல் முறையுமல்ல. 1942-ல் ஜப்பானியர் பர்மாவில் நுழைந்தபோது, இலட்சக்கணக்கான இந்தியர்கள் காடும் மலையும் கடந்து கால்நடையாக வந்தார்கள். வழியிலே மாண்டவர் பல்லாயிரம். 1962 மார்ச்சில் தளபதி நெ வின் ஆட்சியைப் பிடித்தார். 1964-ல் கடைகளை அரசுடைமை ஆக்கினார். அதே ஆண்டு மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றார். வயலும் வணிகமும் வைத்திருந்தவர்கள் வெறுங்கையோடு கப்பலேறினர். அதே 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோ அம்மையாரும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலே ரத்தம் சிந்திய 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று முடிவாயிற்று. திரும்பியோருக்காக 1968-ல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டம் உருவாயிற்று. 1969-ல் ரெப்கோ கூட்டுறவு வங்கி வந்தது. வேலைக்கு வழி பிறந்தது. கடனுக்கும் வழி பிறந்தது. அன்று இருபது வயதில் வந்தவர்க்கு இன்று எண்பதுக்கு மேல். முதுமைக்கு வழி?

“அரசு எதுவும் செய்யவில்லையா?” என்று கேட்பீர்கள். செய்திருக்கிறது, மறைக்க மாட்டோம். 2021 ஆகஸ்ட் 27-ல் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் ரூ. 317 கோடி அளவுக்கு நலத்திட்டங்களை அறிவித்தார். பழுதடைந்த 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டுவதென்றார். குடும்பத் தலைவருக்கு மாதம் 1,000 ரூபாயாக இருந்த பணக்கொடை 1,500 ஆகும் என்றார். அகதி முகாம் என்ற பெயரே மறைந்து, மறுவாழ்வு முகாம் என்றாயிற்று. அதே மாதம் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கி, சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கே போகும் ஏற்பாடு வந்தது.

ஆனால், அரசு ஆணைக்குக் கால் உண்டு, கை இல்லை! மாத்திரை வாசலுக்கு வரும். காலையில் எது, இரவில் எது என்று பார்வை மங்கிய கிழவிக்குப் பிரித்துக் கொடுப்பவர் யார்? கண்புரை அறுவைக்கு அரசு மருத்துவமனையில் காசு கேட்பதில்லை. அங்கே போக வரப் பேருந்து வேண்டும், சீட்டு வாங்க வரிசையில் நிற்க வேண்டும், இரவில் கூடத் தங்க ஆள் வேண்டும். மகன் போனால் அன்றைய கூலி போயிற்று. மருமகள் போனால் பிள்ளைக்குச் சோறு யார் பொங்குவது? ஆகவே கிழவர் சொல்லுகிறார்: “அடுத்த மாதம் பார்ப்போம்.” அந்த அடுத்த மாதத்திலேதான் புண் அழுகுகிறது, கால் போகிறது, பார்வை போகிறது. பெரிய அறுவைக்குக் காப்பீடு உண்டு. துணைக்கு வருவோரின் ஒருநாள் கூலிக்குக் காப்பீடு ஏது?

உடம்பின் நோயைச் சொன்னோம். உள்ளத்தின் நோய் இதனினும் கொடியது. கம்போடியாவில் 1975 முதல் 1979 வரை நடந்த கொலைவெறி ஆட்சியிலிருந்து தப்பியவர்கள் பலர், அமெரிக்காவில் லாங் பீச் நகரில் குடியேறினர். இருபது ஆண்டுகளுக்குப் பின் ஆராய்ந்தபோது, நூற்றுக்கு 62 பேருக்கு அந்த அதிர்ச்சியின் நோய் இன்னும் தீரவில்லை என்று கண்டு 2005-ல் வெளியிட்டார்கள். செல்வம் கொழிக்கும் நாட்டில் வாழ்ந்தும் இந்த நிலை! ஷெல் விழுந்த சத்தத்தையும், கடலில் கைநழுவிப்போன பிள்ளையையும் நெஞ்சில் சுமந்து, முகாம் மூலையில் பேச்சின்றி அமர்ந்திருக்கும் நம் ஆச்சியை யார் ஆராய்ந்தார்கள்? “கிழடு, சும்மா முணுமுணுக்குது” என்றுதானே கடந்து போகிறோம்?

இந்த வேலையைச் செய்து காட்டியவர்கள் உண்டு. தந்தை செல்வாவின் மகன் சந்திரகாசன் 1984-ல் நிறுவிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், முகாமில் வாழ்வோரையே சுகாதாரத் தொண்டர்களாகப் பழக்கியது. வியட்நாமிலிருந்து படகில் தப்பி வந்தோரின் துயர் கண்டு 1980-ல் பிறந்தது இயேசு சபையாரின் அகதிகள் பணி அமைப்பு; அதுவும் தமிழ்நாட்டு முகாம்களுக்கு வந்து தொண்டாற்றியது. நம் கடையநல்லூரார் சிங்கப்பூர் சென்றபோது 1941-லேயே தமக்கென ஒரு சங்கம் கண்டார்கள். அந்நிய மண்ணில் வாழ்வோர்க்குச் சங்கமே சொந்தம் என்பதை நம் ஊர்க்காரனுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை.

“நாங்கள் டாக்டரா? எங்களால் என்ன ஆகும்?” என்று கேட்கும் தோழர், வடகரையிலிருந்து மேற்கே தெரியும் மலையைப் பார்க்கட்டும். அந்த மலைக்கு அப்பால் கேரளம். கோழிக்கோட்டில் 1993-ல் சிலர் கூடி, தீரா நோயாளரின் வலி தணிக்க ஒரு சங்கம் தொடங்கினர். 2001-ல் மலப்புரத்தில் அது ஊர் ஊராகப் பரவிற்று. தொழிலாளியும் மாணவரும் வீட்டுப் பெண்களும் சில நாள் பயிற்சி பெற்று, படுக்கையில் கிடப்போரை வாரந்தோறும் போய்ப் பார்த்தனர். சிறு தொகைகளாகப் பணம் திரட்டினர். மக்கள் முதலில் நடந்தார்கள். 2008-ல் அரசு அதையே கொள்கையாக்கிப் பின்தொடர்ந்தது. அவர்களால் முடிந்தது நம்மால் முடியாதா?

ஏன் நடக்கவில்லை என்பதற்கு உண்மைக் காரணத்தைச் சொல்லிவிடுவோம். முகாமில் வாழும் முதியோருக்கு ஓட்டு இல்லை! ஓட்டு உள்ள வீட்டில் ஒரு தும்மல் கேட்டால் ஒன்பது கட்சிக்காரர் ஓடுகிறார்கள். ஓட்டு இல்லாத வீட்டில் ஓலம் கேட்டாலும் தெரு அமைதியாக இருக்கிறது. மற்றவர்கள் அப்படி இருக்கலாம். தன்மானம் பேசி, மனிதனை மனிதனாக மதிக்கக் கற்றுத் தந்த இயக்கத்தின் தொண்டன் அப்படி இருக்கலாமா? தேர்தலுக்கு மட்டும் கதவு தட்டுபவன் தரகன். தேவைக்குக் கதவு தட்டுபவனே தோழன்.

ஆகவே கேட்டுக்கொள்கிறோம். முகாம் அருகிலுள்ள ஒவ்வொரு கிளையும் ஐந்து தோழர்களைத் தேர்ந்தெடுக்கட்டும். முகாம் மக்களையும், அங்கே முன்பே பணிசெய்யும் தொண்டர்களையும் கலந்து பேசி, அறுபது வயது கடந்தோர் பட்டியலை எழுதட்டும். யாருக்குச் சர்க்கரை, யாருக்குக் கண், யார் படுக்கையில் என்று குறிக்கட்டும். வாரத்தில் ஒருநாள், முறை வைத்து ஒருவர் கூலியை விட்டு உடன் போகட்டும். அந்தக் கூலியை மற்ற நால்வரும் பங்கிட்டுத் தரட்டும். ஆட்டோ ஓட்டும் தோழர் மாதம் ஒரு சவாரியை நன்கொடையாக எழுதிக் கொடுக்கட்டும். திரும்பி வந்தபின், அரைமணி நேரம் திண்ணையில் அமர்ந்து அந்தப் பெரியவர் பேசுவதைக் கேட்கட்டும். அதுவும் மருந்துதான். இதற்கு மாலை வேண்டாம், புகைப்படம் வேண்டாம்.

இது உரிமைக் குரலை மறக்கச் செய்யும் தூக்க மருந்து ஆகிவிடக்கூடாது. 2019-ல் டில்லி திருத்திய குடியுரிமைச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகளைச் சொன்னது, இலங்கையைச் சொல்லவில்லை. நாற்பதாண்டு இந்த மண்ணில் உழைத்தவன் அந்நியனாகவே சாகவேண்டுமா? அந்தக் கேள்வியை மேடைதோறும் கேட்போம், ஓயமாட்டோம். ஆனால் தோழர்களே, சட்டம் திருந்த ஆண்டுகள் ஆகலாம்; எழுபது வயதுக்காரரிடம் ஆண்டுகள் அதிகம் இல்லை.

நெல்லைச் சீமையில் பாட்டியை ‘ஆச்சி’ என்று அழைக்கிறோம். யாழ்ப்பாணத்திலும் ‘ஆச்சி’ என்றே அழைக்கிறார்கள். அழைக்கும் சொல் ஒன்றாக இருக்கும்போது, அணைக்கும் கை மட்டும் ஏன் வேறாக வேண்டும்? இந்த ஞாயிற்றுக்கிழமையே புறப்படுங்கள்.