மதிப்பெண்ணை வாசலில் எழுதி வையுங்கள்

சேத்தியாத்தோப்பில் வலி எடுத்தால் கிழக்கே சிதம்பரம், மேற்கே விருத்தாசலம், வடக்கே நெய்வேலி என்று மூன்று பக்கமும் பெரிய ஆஸ்பத்திரிக்கு வழி இருக்கிறது. தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99-க்கும் அதிகமான பிரசவங்கள் மருத்துவமனையில்தான் நடக்கின்றன என்கிறது 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு. பெருமைப்பட வேண்டிய செய்தி. ஆனால் உள்ளே போன பெண்ணுக்கு என்ன கவனிப்பு கிடைக்கிறது என்பதே இனிக் கேட்க வேண்டிய கேள்வி.

அதற்கு அளவுகோல் இருக்கிறது. 2017 டிசம்பரில் மத்திய அரசு தொடங்கிய ‘லக்ஷ்யா’ திட்டம் பிரசவ அறையையும் மகப்பேறு அறுவை அரங்கையும் ஆய்வு செய்து மதிப்பெண் போடுகிறது.

புதுக் கட்டடமும் பளிங்குத் தரையும் தரமாகிவிடாது. குழந்தை பிறந்த ஒரு நிமிடத்துக்குள் தாய்க்கு 10 யூனிட் ஆக்ஸிடாசின் ஊசி போட வேண்டும். உதிரப்போக்கைத் தடுக்கும் மருந்து அது. 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்காவிட்டால் வீரியம் குறைந்துவிடும். மின்வெட்டு வந்த இரவில் அந்தக் குளிர்பெட்டி என்ன ஆனது? பதிவேட்டைப் புரட்டினால்தான் தெரியும். உதிரத்தைக் கண்ணால் பார்த்து மதிப்பிடும்போது பெரும்பாலும் குறைத்தே கணக்கிடுகிறோம். அளவுக்கோடு போட்ட விரிப்பில் அதைச் சேகரித்து, உடனடிச் சிகிச்சைகளை ஒருசேரக் கொடுத்தபோது கடும் உதிரப்போக்கு முதலான பாதிப்புகள் 60 சதவீதம் குறைந்ததாக நான்கு ஆப்பிரிக்க நாடுகளில் நடந்த ஆய்வு 2023-இல் காட்டியது.

மரியாதையும் மருத்துவம்தான். வலியில் கத்துகிறவளை அதட்டுவதும், திரைச்சீலை இல்லாத கட்டிலில் கிடத்துவதும் சிகிச்சைக் குறைபாடுகளே. பிரசவ நேரத்தில் உறவுக்காரப் பெண் ஒருவர் உடனிருக்கும் திட்டத்தைத் தமிழக அரசு மருத்துவமனைகள் 2004-லேயே கொண்டுவந்தன. அம்மாவோ அக்காவோ கையைப் பிடித்துக்கொண்டு நிற்க இடம் உண்டா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

2018-20 கணக்குப்படி, ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புகளுக்குத் தாய் இறப்பு தமிழ்நாட்டில் 54, இந்தியாவில் 97. ஒவ்வொரு தாயின் இறப்பையும் ஏன் நேர்ந்தது என்று உட்கார்ந்து விசாரித்த பழக்கத்துக்கு இந்த வெற்றியில் பெரும் பங்குண்டு. ஆனால் அந்த விசாரணை அதிகாரிகளின் கூட்ட அறையோடு நின்றுவிடுகிறது. பிரசவம் பார்க்கும் ஒவ்வொரு மருத்துவமனையும், அரசோ தனியாரோ, தன் தர மதிப்பெண்ணையும் இரவுப் பணி மருத்துவர் உண்டா, ரத்தம் கையிருப்பு உண்டா என்ற விவரத்தையும் வாசலில் தமிழில் எழுதி வைக்கச் சுகாதாரத் துறை உத்தரவிட வேண்டும்.