அம்மா வீட்டுக்கு சைக்கிளில்!

எனக்கு வயது 37. போன வருஷம் ரேஷன் கடைக்குப் போய்த் திரும்பும்போது, பின்னால் வந்த பைக் என் சைக்கிளில் மோதி, வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து விட்டது. ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தார்கள். மூன்று மாதம் கட்டிலே கதி. "இனி உனக்கு சைக்கிள் எதுக்கு?" என்று அதை விற்கக் கிளம்பினார் என் கணவர்.

"விக்காதீங்க" என்று கெஞ்சினேன். 1991-ல் எங்கள் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுத்தர ஏற்பாடு செய்தார். அதில் கற்றவர் என் அம்மா. ஊர் கேலி பேசியும் விடவில்லை. எனக்குக் கற்றுத் தந்ததும் அவர்தான்.

இப்போது அம்மா தஞ்சாவூரில், தம்பி வீட்டில். "கால் சரியானதும் தனியா சைக்கிள்லயே வர்றேம்மா" என்று போனில் சொல்லி விட்டேன். 50 கி.மீ.க்கு மேல்! "மெதுவா வா. பாதியிலே திரும்பினாலும் தப்பில்லே" என்றார்.

டாக்டர் எக்ஸ்ரே பார்த்து, எலும்பு சேர்ந்து விட்டது என்ற பிறகே ஆரம்பித்தேன். முதல் நாள் தெருமுனை வரைதான். பின்னால் ஹார்ன் சத்தம் கேட்டதும் இறங்கி நின்று அழுது விட்டேன். பிறகு 2 கி.மீ., 5 கி.மீ. என்று கூட்டி, போன வாரம் 20 கி.மீ. போய் வந்தேன். மறுநாள் கால் வீங்கினால் ஓய்வு. அடுத்த முறை தூரத்தைக் குறைத்து விடுவேன்.

சீட் தாழ்வாக இருந்தால் முழங்காலுக்குத்தான் கஷ்டம். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன் மேல் வைத்தால், கால் ஏறக்குறைய நேராக நீள வேண்டும். அந்த அளவுக்கு உயர்த்தியதும் வலி குறைந்தது. ட்யூபைத் தண்ணீரில் முக்கி, குமிழி வரும் இடத்தைக் கண்டுபிடித்து பஞ்சர் ஒட்டவும் பழகிக் கொண்டேன்.

தை பிறந்ததும், நன்றாக விடிந்த பிறகு கிளம்புவேன். பெருங்களூர், ஆதனக்கோட்டை, கந்தர்வகோட்டை... மூன்று இடத்திலும் நின்று காலை நீட்டி உட்கார்ந்து விட்டுத்தான் போவேன். நேற்று பார்த்தால், விற்கக் கிளம்பியவரே செயினுக்கு எண்ணெய் விட்டுக் கொண்டிருக்கிறார்! "முடியலேன்னா போன் பண்ணு, வந்துடறேன்" என்கிறார்.

அடிபட்டாச்சு, வயசாச்சு என்று சைக்கிளைக் கொல்லையில் சாத்தி வைத்திருக்கும் சகோதரிகளே... டாக்டரைக் கேட்டு விட்டு, தெருமுனை வரைக்கும் ஒரு நாள் மிதித்துப் பாருங்களேன்!

- ஒரு வாசகி, புதுக்கோட்டை.