வெள்ளத்தில் சரிந்த தொண்டர் ரயில்

மத்திய இங்கிலாந்தின் மேற்குப் பகுதியில், உஸ்டர்ஷயர், ஷ்ராப்ஷயர் என்னும் இரு ஜில்லாக்களின் ஊடே ஸெவர்ன் நதி ஓடுகிறது. அந்த நதியின் பள்ளத்தாக்கில், கிட்டர்மின்ஸ்டர் நகரிலிருந்து பிரிட்ஜ்நார்த் வரை 16 மைல் தூரத்துக்கு ஒரு ரயில் பாதை செல்கிறது. அதில் இன்றும் நீராவி எஞ்சின்கள் ஓடுகின்றன. அந்த ரயிலைப் பெரும்பாலும் நடத்தி வருபவர்கள் சம்பளம் பெறாத தொண்டர்கள். 2007-ம் வருஷம் ஜூன் மாதம் 19-ந் தேதி பெய்த பெருமழை இந்தப் பாதையை 40-க்கும் மேற்பட்ட இடங்களில் சேதப்படுத்திற்று. அதைச் சீர்ப்படுத்த ஒன்பது மாதங்களும், ஏறத்தாழ 37 லட்சம் பவுனும் செலவாயின. இச்சம்பவத்தில் ரயில் பிரியர்களுக்கு மட்டுமின்றி, பொதுக் காரியத்தில் ஈடுபட்ட எல்லோருக்குமே ஒரு படிப்பினை இருக்கிறது.

முதலில் அந்த ரயிலின் வரலாற்றைச் சிறிது கவனிப்போம். ஹார்ட்டில்பரியிலிருந்து ஷ்ரூஸ்பரி வரை 40 மைல் நீளமுள்ள பாதையாக அது 1862-ம் வருஷம் பிப்ரவரி முதல் தேதியன்று திறக்கப்பட்டது. அதை அமைத்த எஞ்சினீயர் ஜான் பவுலர். ஸ்காட்லாந்திலுள்ள புகழ் பெற்ற போர்த் பாலத்தைப் பிற்காலத்தில் பெஞ்சமின் பேக்கருடன் சேர்ந்து நிர்மாணித்தவரும் அவரே. ஸெவர்ன் நதியின் குறுக்கே, நடுவில் தூண் ஏதும் இல்லாமல், 200 அடி அகலத்தை ஒரே வளைவாகத் தாண்டும் விக்டோரியா பாலம் இப்பாதையில்தான் இருக்கிறது. நூறு வருஷங்கள் கழிந்தபின், வருமானம் போதவில்லை என்று பிரிட்டிஷ் ரயில்வே நிர்வாகம் 1963-ல் இப்பாதையின் பெரும் பகுதியில் பிரயாணிகள் போக்குவரத்தை நிறுத்திவிட்டது. பழம் பாதைகளைப் பெயர்த்து இரும்பை விற்றுவிடுவது அக்காலத்து வழக்கமாக இருந்தது.

அப்படிப் பெயர்க்காமல் இதைக் காக்க வேண்டுமென்று 1965-ல் சிலர் கூடி ஒரு சங்கம் அமைத்தார்கள். அவர்கள் தனவந்தர்களல்ல, தொழிலாளிகள், குமாஸ்தாக்கள், உபாத்தியாயர்கள் போன்ற சாமானிய மனிதர்கள். பிரிட்ஜ்நார்த்திலிருந்து ஐந்தரை மைல் பாதையை விலைக்குப் பேசி, பணம் திரட்டி வாங்கினார்கள். 1970-ம் வருஷம் மே மாதத்தில் அவர்களுடைய முதல் ரயில் பிரிட்ஜ்நார்த்திலிருந்து ஹாம்ப்டன் லோட் வரை ஓடிற்று. 1974-ல் பியூட்லி வரையிலும், 1984-ல் கிட்டர்மின்ஸ்டர் வரையிலும் பாதை நீண்டது. இருபது வருஷங்களுக்குள் 16 மைல் ரயில்வே ஒன்றைக் குடிமக்களே கட்டியெழுப்பிவிட்டார்கள்.

இந்தத் தொண்டு விளையாட்டல்ல. எஞ்சின் ஓட்ட விரும்புகிறவர் முதலில் அழுக்குத் துணியும் கையுமாக எஞ்சினைத் துடைக்க வேண்டும். பிறகு கரி தள்ளும் பயர்மேனாக வேண்டும். வருஷக் கணக்கில் பழகிப் பரீட்சையில் தேறிய பிறகே டிரைவராகலாம். கார்டு, சிக்னல் வேலை, டிக்கெட் கொடுத்தல், தண்டவாளம் மாற்றுதல், வண்டிகளுக்கு வர்ணம் பூசுதல் ஆகிய எல்லாவற்றிலும் தொண்டர்கள் இருக்கிறார்கள். அவசியமான சில பதவிகளில் மட்டும் சம்பளம் பெறுவோர் உண்டு.

இனி வெள்ளத்துக்கு வருவோம். 2007-ம் வருஷத்துக் கோடையில் இங்கிலாந்தில் அசாதாரணமான மழை பெய்தது. அத்தேசத்தில் மழைக் கணக்கு 1766 முதல் இருக்கிறது. அக்கணக்கில் அவ்வருஷம் மே, ஜூன், ஜூலை மாதங்களில் பெய்த அளவுக்கு அதே மூன்று மாதங்களில் அதற்கு முன் ஒருபோதும் பெய்ததில்லை. 13 பேர் உயிரிழந்தார்கள். சுமார் 55,000 கட்டடங்களில் தண்ணீர் புகுந்தது. அந்த மழையின் ஒரு பகுதியே ஜூன் 19-ந் தேதி ஸெவர்ன் பள்ளத்தாக்கில் கொட்டிற்று.

ஆற்றங்கரை ரயிலுக்குச் சேதம் என்றால், ஆறு பெருகித்தான் பாதையை அரித்திருக்கும் என்று எவரும் எண்ணுவார்கள். உண்மை அதுவல்ல. பாதை நதியின் நீர்மட்டத்துக்கு மேலே, குன்றுகளின் சரிவை ஒட்டிப் போகிறது. மேலேயுள்ள வயல்களிலும் தோப்புகளிலும் விழுந்த மழைநீர் சரிவில் ஓடி வந்து பாதையைத் தாக்கிற்று. பகைவன் வந்தது ஆற்றின் பக்கமிருந்தல்ல. முதுகுப்புறமிருந்த குன்றின் பக்கமிருந்து.

அது நிகழும் விதத்தை அறிவது அவசியம். சரிவின் மேல் ரயில் பாதை போடும்போது, ஒருபுறம் மண்ணை வெட்டி, மறுபுறம் மண்ணைக் கொட்டிக் கரை எழுப்புவார்கள். மேலிருந்து வரும் ஓடைகள் பாதையைக் கடந்து ஆற்றில் சேர்வதற்காகக் கரையின் அடியில் மதகுகள் கட்டுவார்கள். மதகு சிறிதாக இருந்தாலும், மரக்கிளைகளும் சேறும் அதை அடைத்துக்கொண்டாலும், தண்ணீர் பாதையின் மேற்புறத்தில் குளம்போல் தேங்குகிறது. கரையின் மண் அந்த நீரைக் குடித்துக் கனக்கிறது. மண் துகள்களிடையே நீர் புகுந்து அவற்றின் பிடிப்பைத் தளர்த்துகிறது. பிறகு கரை ஒரேயடியாகச் சரிந்துவிடுகிறது. அல்லது தண்ணீர் தண்டவாளத்தின் மேல் வழிந்து, ஜல்லியையும் மண்ணையும் வாரிக்கொண்டு போகிறது. ஸெவர்ன் பாதையில் இவ்விதம் அடிமண் போன இடங்களில், தண்டவாளங்களும் குறுக்குக் கட்டைகளும் நூலேணிபோல் அந்தரத்தில் தொங்கின.

1862-ல் அக்கரைகளைக் கட்டியவர்கள் திறமையற்றவர்களல்லர். ஆனால் மண்ணின் வலிமையைக் கணக்கிட்டுக் கட்டும் சாஸ்திரம் அப்போது பிறக்கவில்லை. கார்ல் டெர்சாகி அதுபற்றிய தமது அடிப்படை நூலை வெளியிட்டது 1925-ல்தான். அதற்கு முன் வாழ்ந்தவர்கள் கைக்கு வந்த மண்ணை வண்டியிலிருந்து கொட்டிக் கரையை எழுப்பி, அது தானாகவே இறுகட்டும் என்று விட்டார்கள். தமது காலத்து மழையை அனுசரித்து மதகும் கட்டினார்கள். அந்தக் கரை ஒன்றரை நூற்றாண்டு நின்றதே பெரிது.

சேதத்தைக் கண்டதும் எழுந்த முதல் கேள்வி, இதற்குப் பணம் கொடுப்பது யார் என்பது. சர்க்காரின் பொது ரயில் பாதையானால் சர்க்கார் பணம் கொடுக்கும். இதுவோ தனி ஸ்தாபனத்தின் உடைமை. கரை, பாலம், மதகு எல்லாவற்றையும் பராமரிக்கும் பொறுப்பு அந்த ஸ்தாபனத்தையே சேர்ந்தது. அதன் வருமானமோ பெரும்பாலும் கோடை காலத்தில் வரும் பிரயாணிகளின் டிக்கெட் பணம். அந்தக் கோடையிலேயே பாதை அறுந்துபோயிற்று. தென்கோடியில் மட்டும் ரயில்களை ஓட்டிக்கொண்டு, பொதுமக்களிடம் நிதி கேட்டார்கள். சங்கத்தாரும் அபிமானிகளும் தாராளமாகக் கொடுத்தார்கள். ஆயினும் 37 லட்சம் பவுன் என்பது உண்டியலில் சேரக்கூடிய தொகையல்ல. லாட்டரிப் பணத்திலிருந்து பழம்பெரும் சின்னங்களுக்கு உதவும் நிதியும், அப்பிரதேசத்தின் பொருளாதார அபிவிருத்திக்காக அப்போது இருந்த ஸ்தாபனமும், பிரிட்டன் அக்காலத்தில் அங்கம் வகித்த ஐரோப்பிய யூனியனின் அபிவிருத்தி நிதியும் கைகொடுத்தன.

ஏழைகளின் வீடுகள் வெள்ளத்தில் மூழ்கிக் கிடக்கையில், சிலருடைய பொழுதுபோக்குக்குப் பொதுப்பணத்தைச் செலவிடுவது நியாயமா என்று கேட்பவர்கள் இருக்கலாம். இக்கேள்வியை அலட்சியமாக ஒதுக்கிவிடக் கூடாது. வீட்டை இழந்தவனுக்கே முதல் உதவி என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் இந்த ரயிலை வெறும் பொழுதுபோக்கு என்று சொல்வதும் பொருந்தாது. பிரிட்ஜ்நார்த், பியூட்லி போன்ற சிற்றூர்களுக்கு வெளியூர் ஜனங்களைக் கொண்டுவந்து சேர்ப்பது இந்த ரயில். விடுதிக்காரனும் சிற்றுண்டிக் கடைக்காரனும் அதனால் பிழைக்கிறார்கள். அபிவிருத்திக்கென ஏற்பட்ட நிதிகள் இதற்கு உதவியது இக்காரணத்தை முன்னிட்டே. மேலும், ஆயிரக்கணக்கான மனிதர்கள் நாற்பது வருஷங்களுக்கு மேலாகக் கூலியின்றிக் கொடுத்த உழைப்பு அந்த ரயிலில் மூலதனமாக இருக்கிறது. பொதுப்பணம் வெறுங்கையுடன் வந்தவர்களுக்குப் போகவில்லை. தங்கள் பங்கை முன்னமே செலுத்திவிட்டவர்களுக்குப் போயிற்று. அவ்வளவில் அது நியாயமென்றே நாம் கருதுகிறோம்.

வேலை மும்முரமாக நடந்தது. சரிந்த கரைகளை மீண்டும் எழுப்பவும், தண்ணீர் வடியப் புதிய வழிகள் செய்யவும் பெரிய யந்திரங்களும் தேர்ந்த எஞ்சினீயர்களும் தேவைப்பட்டார்கள். தொண்டர்களின் மண்வெட்டியால் மட்டும் ஆகக்கூடிய காரியமாக அது இருக்கவில்லை. 2008-ம் வருஷம் மார்ச் 21-ந் தேதி, பெரிய வெள்ளிக்கிழமையன்று, முழுப் பாதையும் மீண்டும் திறக்கப்பட்டது. வெகு நாட்களுக்குப் பிறகு கிட்டர்மின்ஸ்டரிலிருந்து புறப்பட்ட வண்டி பிரிட்ஜ்நார்த் வரை தடையின்றிச் சென்றது.

இத்துடன் கதை முடிந்திருந்தால், துணிவு வென்றது என்று சொல்லி நாமும் நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் பழைய கரைகள் அங்கங்கே சரிந்துகொண்டுதான் இருக்கின்றன. அருகிலுள்ள க்ளாஸ்டர்ஷயர்-வாரிக்ஷயர் ரயில்வே என்னும் மற்றொரு தொண்டர் ரயிலின் கரை 2010 ஏப்ரலில் கோதரிங்டன் அருகிலும், 2011 ஜனவரியில் வின்ச்கோம் அருகிலும் சரிந்தது. அவர்களும் நிதி திரட்டியே பாதையை மீட்டார்கள். ஸெவர்ன் பள்ளத்தாக்கு ரயிலிலேயே 2025-ம் வருஷம் ஜனவரியில் பிரிட்ஜ்நார்த்துக்குத் தெற்கே, மோர் என்ற ஓடையின் மேலுள்ள பாலத்தை ஒட்டிய கரைச் சுவர் இடிந்து, போக்குவரத்து அறுந்தது. மீண்டும் நன்கொடைக்கு வேண்டுகோள் விட நேர்ந்தது. உலகம் வெப்பமடைவதால் பெருமழைகள் இன்னும் கடுமையாகும் என்று விஞ்ஞானிகள் சொல்லுகையில், 1862-ன் மதகுகளை நம்பிக்கொண்டிருப்பது விவேகமாகாது.

இங்கேதான் தொண்டு ஸ்தாபனங்களின் ஒரு பலவீனம் புலப்படுகிறது. எஞ்சினைப் பார்க்க ஜனங்கள் வருகிறார்கள். அதன் பித்தளையைத் துலக்கவும் பாய்லரைப் புதுப்பிக்கவும் ஆட்கள் போட்டியிட்டு வருகிறார்கள். அதற்கென்று பணமும் எளிதில் கிடைக்கிறது. கரைக்கு அடியிலிருக்கும் மதகை யார் பார்க்கிறார்கள்? நவம்பர் மாதக் குளிரில் புதருக்குள் இறங்கிச் சேறு அள்ளுகிறவனைப் படமெடுக்க ஒருவரும் வருவதில்லை. மதகைச் சுத்தம் செய்யப் பணம் தாருங்கள் என்று கேட்டால் கொடுப்பவர்கள் சிலரே. கரை இடிந்த பிறகு அதைப்போல் பல மடங்கு கொடுக்கப் பலர் முன்வருகிறார்கள். இது மனித சுபாவம். ஆனால் இந்தச் சுபாவத்தை வென்றாலொழியத் தொண்டு நிலைக்காது.

ஆகையால் இத்தகைய ஸ்தாபனங்களுக்கு நாம் சொல்லக்கூடியது இது: ஆண்டு வருமானத்தில் ஒரு பகுதியை, எந்த எஞ்சினுக்கும் தொடக்கூடாத பணமாக, கரைக்கும் வடிகாலுக்கும் ஒதுக்கி வைக்க வேண்டும். ஒவ்வொரு மதகுக்கும் ஒரு பதிவு வைத்து, மழைக்காலத்துக்கு முன் தவறாமல் பார்வையிட வேண்டும். குன்றின் மேலுள்ள நிலச் சொந்தக்காரர்களுடன் கலந்து பேச வேண்டும். ஏனெனில் அவர்களுடைய வயலில் விழும் நீரே பாதையை உடைக்கிறது. உதவித் தொகை கொடுப்பவர்களும் இடிந்ததைக் கட்டக் கொடுப்பதோடு, இடியாமல் காக்கவும் கொடுக்க வேண்டும். பின்னது செலவு குறைவு என்பதை 2007-ன் கணக்கே காட்டும்.

கைவிடப்பட்ட பாதையை வாங்கி அதற்கு உயிர் கொடுத்தவர்களின் உற்சாகம் போற்றத்தக்கது. வெள்ளம் வந்து அறுத்த பிறகும் மனம் தளராமல் ஒன்பதே மாதங்களில் அதை மீட்ட உறுதி அதனினும் போற்றத்தக்கது. ஆனால் எஞ்சின் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அது மண்ணின் மேல்தான் நிற்கிறது. அந்த மண்ணைக் காப்பவனும், எஞ்சினை ஓட்டுகிறவனுக்குச் சமமான ரயில் தொண்டனே. அவனுக்கும் அதே மதிப்பும், அவன் வேலைக்கு வேண்டிய பணமும் கிடைக்குமானால், அடுத்த பெருமழையையும் அந்த ரயில் தாங்கி நிற்கும்.