ஒருவரை அகற்றினால் போர் நீங்குமா?

ஹிட்லர் பிறவாதிருந்தால் உலகம் அமைதி கண்டிருக்குமா என்று நம்மில் பலரும் எண்ணியதுண்டு. அவ்வெண்ணத்தையே கருவாகக் கொண்டு 1996-ஆம் ஆண்டில் வெளிவந்தது 'ரெட் அலர்ட்' என்னும் கணினிப் போர் விளையாட்டு. அமெரிக்காவிலுள்ள லாஸ் வேகாஸ் நகரின் வெஸ்ட்வுட் நிறுவனத்தார் அதனைப் படைத்தனர்.

கதை விந்தையானது. விஞ்ஞானி ஐன்ஸ்டைன் காலத்தில் பின்னோக்கி 1924-ஆம் ஆண்டின் ஜெர்மனிக்குச் சென்று, சிறையினின்று வெளிவரும் ஹிட்லரின் கையைக் குலுக்குகிறார். ஹிட்லர் மறைகிறார், போர் மறையவில்லை. ஸ்டாலினின் படைகள் ஐரோப்பாவின்மீது பாய்கின்றன.

ஆடுவோர் ஏதேனுமொரு தரப்பில் நின்று, தாதுவை அகழ்ந்து பொருளீட்டி, மின்நிலையம் அமைத்து, படை திரட்ட வேண்டும். மின்சாரம் குறைந்தால் சோவியத் தரப்பின் மின்னற் கோபுரங்கள் வாளாவிருக்கும். வீரத்தோடு வரவு செலவுக் கணக்கும் இங்கே வேண்டும்.

2000-இல் வந்த இரண்டாம் பாகத்தில் சோவியத் படை அமெரிக்காவுக்குள் நுழைகிறது. 2003-இல் வெஸ்ட்வுட் மூடப்பட்ட பின், 2008-இல் மூன்றாம் பாகம் வந்தது. அதில் சோவியத் தலைவர்கள் 1927-ஆம் ஆண்டுக்குச் சென்று ஐன்ஸ்டைனையே அகற்றுகின்றனர். திரும்பினாலோ, ஜப்பானியப் பேரரசு புதுப் பகையாக எழுந்து நிற்கிறது. அதனை அச்சுறுத்த அணுகுண்டும் இல்லை!

2020-இல் முதற்பாகம் புதுப்பொலிவுடன் மீண்டும் வெளிவந்தமையால், நம் பிள்ளைகளும் இதனை ஆடக்கூடும். உண்மை வரலாற்றில் 1941 முதல் சோவியத் நாடு நேச நாடுகளுடன் நின்றே ஹிட்லரை வென்றது என்பதை நாம் அவர்களுக்குச் சொல்லிவைத்தல் நன்று. எனினும் இக்கதை உணர்த்தும் பாடம் பொய்யன்று. ஒருவரை நீக்குவதால் மட்டும் போர் ஒழிவதில்லை. அதற்கு இடமளிக்கும் பகையும் பேராசையும் நீங்கவேண்டும்.